உங்க காரில் ஃபியூஸ் பெட்டி ஏன் இருக்கு? சார்லஸ் கெட்டரிங் என்ற மனிதரின் கதை

ஒரு பழைய ஹேட்ச்பேக் கார் வாங்கியிருந்தேன். வாங்கிய இரண்டாவது வாரம், டேஷ்போர்டுக்குள்ளிருந்து லேசாக பிளாஸ்டிக் கருகும் வாசனை. ஹார்ன் அடித்தால் மட்டும் வந்தது, நிறுத்தினால் போய்விட்டது. ஸ்டீயரிங்குக்குக் கீழே குனிந்து ஃபியூஸ் பெட்டியைத் திறந்தேன். 15 ஆம்பியர் நீல ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில், சிகரெட் பெட்டிக்குள் வரும் வெள்ளித் தாளை யாரோ சுருட்டிச் செருகியிருந்தார்கள்.

முன்பு வைத்திருந்தவரா, அவசரத்தில் இருந்த ஏதோ ஒரு மெக்கானிக்கா, தெரியாது. ஃபியூஸ் போனது, கையில் வேறு இல்லை, தாளைச் சுருட்டி வைத்தால் ஹார்ன் அடிக்கிறது. வேலை முடிந்தது. நம்மூரில் இதைச் செய்யாத ஊர் இருக்கிறதா?

அந்தப் பெட்டி அங்கே ஏன் இருக்கிறது என்று தேடப் போய்த்தான் சார்லஸ் கெட்டரிங் என்ற அமெரிக்கப் பொறியாளரிடம் வந்து சேர்ந்தேன். காருக்குள் மின்சாரத்தை முழுசாகக் கொண்டுவந்தவர் அவர். அவருடைய பெயரில் அமெரிக்காவில் ஒரு நகரம் இருக்கிறது, ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது, நியூயார்க்கின் புகழ்பெற்ற புற்றுநோய் மருத்துவமனையின் பெயரில் பாதி அவருடையது. 20ஆம் நூற்றாண்டின் மிகப் பெரிய நச்சுகளில் ஒன்றிலும் அவருடைய கையெழுத்து இருக்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் இந்தக் கதையைச் சொல்லணும்.

கண் தெரியாமல் போன மாணவன்

கெட்டரிங் பிறந்தது 1876 ஆகஸ்ட் 29, ஒஹையோ மாநிலத்தில் லவுடன்வில் என்ற சிற்றூருக்கு அருகே ஒரு பண்ணையில். ஐந்து பிள்ளைகளில் நான்காவது. சிறு வயதிலிருந்தே கண் பார்வை பலவீனம், ஓயாத தலைவலி. பள்ளிப் படிப்பு முடித்து சில காலம் கிராமத்துப் பள்ளியில் ஆசிரியர் வேலை பார்த்தார். பிறகு ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் சேர்ந்தார். கண் ஒத்துழைக்கவில்லை, படிப்பை நிறுத்தினார்.

நிறுத்தியவர் போனது டெலிபோன் கம்பம் நடும் வேலைக்கு. குழி தோண்டி, கம்பம் நட்டு, கம்பி இழுக்கிற குழு. கொஞ்ச நாளில் அந்தக் குழுவுக்கே தலைவர் ஆனார். வருங்கால மனைவி ஆலிவ் வில்லியம்ஸைச் சந்தித்ததும் அந்த நாட்களில்தான். கம்பி எங்கே உரசுகிறது, ஈரம் எங்கே இறங்குகிறது, இணைப்பு எங்கே தளர்கிறது என்பதையெல்லாம் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே கையால் தொட்டுத் தெரிந்துகொண்டவர் என்பது என் வாசிப்பு. பின்னால் அவர் செய்த வேலைகளைப் பார்த்தால் அந்த வாசனை இருக்கிறது.

கண் கொஞ்சம் தேறியதும் திரும்பப் போனார். அறை நண்பர்கள் பாடங்களை வாசித்துக் காட்ட, 1904இல் பட்டம் வாங்கினார். அப்போது வயது கிட்டத்தட்ட 28. இன்றைக்கு நம்ம கேம்பஸ் இன்டர்வியூ கணக்கில் ரொம்ப லேட்.

கல்லாப்பெட்டிக்கு ஒரு மோட்டார்

வேலை கிடைத்தது டேட்டன் நகரில் இருந்த நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் நிறுவனத்தில். அந்தக் காலக் கடைக் கல்லாப்பெட்டியில் தொகையை அழுத்திவிட்டுப் பக்கத்தில் உள்ள கைப்பிடியைச் சுற்றணும். அதை மோட்டாரால் சுற்ற வைக்க முடியுமா என்பது கெட்டரிங்குக்குக் கொடுக்கப்பட்ட வேலை.

அந்த அளவு விசை தர வேண்டுமானால் மோட்டார் பெரிதாக இருக்கணும், பெட்டிக்குள் அடங்காது என்பதுதான் பொதுவான கருத்து. கெட்டரிங் யோசித்த விதம் வேற. கல்லாப்பெட்டி நாள் முழுக்க ஓடப்போவதில்லை. ஒரு விநாடி சுற்றும், அப்புறம் அடுத்த வாடிக்கையாளர் வரும் வரை சும்மா இருக்கும். மோட்டாரைக் கெடுப்பது வெப்பம். வெப்பம் சேர நேரம் வேணும். ஒரு விநாடிக்கு மட்டும் சின்ன மோட்டாரை அதன் வழக்கமான அளவைவிடப் பல மடங்கு விரட்டினால் என்ன ஆகிவிடும்? ஒன்றும் ஆகாது.

இந்த ஒரு கருத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே இரண்டு இடங்களில் திரும்ப வரும்.

1900இல் எத்தனை மின்சார கார்?

டேட்டா பத்திரிகையாளர் என்பதால் ஒரு கணக்கு சொல்லாமல் போக முடியாது. 1900ஆம் ஆண்டு அமெரிக்கக் கணக்கெடுப்பில் பதிவான கார் உற்பத்தி மொத்தம் 4,192. அதில் நீராவி 1,681. மின்சாரம் 1,575. பெட்ரோல் வெறும் 936. கடைசி இடம்.

பெட்ரோல் கார் பின்தங்க ஒரு முக்கியக் காரணம், அதைக் கிளப்புவது. முன்னால் போய் நின்று, இரும்புக் கைப்பிடியைச் செருகி, பலம் கொண்ட மட்டும் சுற்றணும். எஞ்சின் தப்பான நேரத்தில் பற்றிக்கொண்டால் கைப்பிடி பின்னோக்கி உதைக்கும். மணிக்கட்டு உடையும். இதனால் வரும் ஒரு வகை எலும்பு முறிவுக்கு மருத்துவ நூல்களில் இன்றைக்கும் ஓட்டுநர் முறிவு என்ற பொருளில்தான் பெயர் இருக்கிறது. மின்சார காரில் இந்தத் தொல்லை கிடையாது. ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாராவே மின்சார கார்தான் ஓட்டினார்.

கெட்டரிங் வேலை நேரம் போக, நிறுவனத்தில் மேலதிகாரியாக இருந்த எட்வர்ட் டீட்ஸின் வீட்டுப் பின்புறக் கொட்டகையில் நண்பர்களோடு கார் இக்னிஷனை மேம்படுத்திக்கொண்டிருந்தார். கேடிலாக் நிறுவனத்தின் தலைவர் ஹென்றி லீலண்டுக்கு அது பிடித்துப்போனது, ஆயிரக்கணக்கில் ஆர்டர் கொடுத்தார். 1909இல் டேட்டன் எஞ்சினியரிங் லேபரட்டரீஸ் கம்பெனி உருவானது. அதன் சுருக்கம்தான் டெல்கோ.

ஸ்டார்ட்டர் எப்படி வந்தது என்பதற்கு எல்லாப் புத்தகங்களிலும் ஒரு கதை உண்டு. பைரன் கார்ட்டர் என்ற கார் தயாரிப்பாளர், வழியில் நின்றுபோன ஒரு பெண்ணின் கேடிலாக்கைக் கிளப்ப உதவப் போனார், கைப்பிடி உதைத்துத் தாடை உடைந்தது, பிறகு இறந்துபோனார், அவருடைய நண்பரான லீலண்ட் மனம் உடைந்து இனி இந்தக் கைப்பிடியே வேண்டாம் என்று முடிவெடுத்தார் என்பது கதை. உருக்கமான கதைதான். ஆனால் கார்ட்டர் இறந்தது 1908இல், கதை வழக்கமாக நடப்பதாகச் சொல்லப்படுவது 1910இல். ஆண்டு உதைக்கிறது. லீலண்டுக்குக் கைப்பிடி மீது வெறுப்பு இருந்தது, கெட்டரிங்கிடம் வேலையைக் கொடுத்தார் என்பது வரைக்கும் எடுத்துக்கொள்வோம்.

எஞ்சினைச் சுற்றும் அளவுக்கு மோட்டாரும் பேட்டரியும் வைத்தால் காரில் வேறு எதற்கும் இடம் இருக்காது என்று இங்கேயும் சொன்னார்கள். கெட்டரிங் எடுத்தது கல்லாப்பெட்டி வழிதான். சில விநாடிகள் மட்டும் அதிரடியாக வேலை செய்யும் சின்ன மோட்டார். எஞ்சின் ஓட ஆரம்பித்ததும் அதே எந்திரம் ஜெனரேட்டராக மாறி பேட்டரியை நிரப்பும். கிளப்பும்போது பேட்டரிகள் தொடராக இணைந்து 24 வோல்ட், விளக்குக்கும் சார்ஜிங்குக்கும் பக்க இணைப்பில் 6 வோல்ட். 1911 பிப்ரவரியில் கேடிலாக்கிடம் செய்து காட்டினார்கள். 1912 மாடல் கேடிலாக்கில் ஸ்டார்ட்டர், இக்னிஷன், விளக்கு மூன்றும் மின்சாரத்தில் வந்தன. இன்று நம்ம ஊர் ஸ்கூட்டர் விளம்பரங்களில் ஸ்டார்ட்டரும் ஜெனரேட்டரும் ஒன்றாக இருப்பதைப் புதுசு போலச் சொல்கிறார்கள். 110 ஆண்டுக்கு முந்தைய யோசனை.

மின்சார காரின் கதை அதோடு சரிந்தது. பெட்ரோல் காரின் மிகப் பெரிய குறையை ஒரு மின்சார மோட்டாரே தீர்த்துவைத்துவிட்டது.

கூடவே வந்த ஆபத்து

சரி, இதுக்கும் ஃபியூஸுக்கும் என்ன சம்பந்தம்?

1912க்கு முன்னால் பெரும்பாலான பெட்ரோல் கார்களில் மின்சாரம் என்றால் எஞ்சினுக்குப் பொறி தருவதற்கு மட்டும். மேக்னெட்டோ என்ற சிறு கருவி எஞ்சினோடு சுற்றும், பொறி தரும். விளக்குகள் மண்ணெண்ணெயிலோ கார்பைடு வாயுவிலோ எரிந்தன. மேக்னெட்டோ வயர் எங்காவது இரும்பில் உரசினால் எஞ்சின் நின்றுபோகும், அவ்வளவுதான். தீப்பிடிக்கும் அளவுக்கு அதில் சக்தி இல்லை.

பேட்டரி அப்படி இல்லை. எஞ்சினைச் சுற்றும் அளவுக்கு மின்னோட்டம் தரணும் என்றால் அதன் உள் மின்தடை மிகக் குறைவாக இருக்கணும். அந்தக் குணம்தான் ஸ்டார்ட்டருக்கு வரம், வயரிங்குக்கு ஆபத்து. அத்தனை ஆம்பியரும் ஸ்டார்ட்டருக்குப் போகிறதா, உரசிப்போன ஒரு ஹார்ன் வயருக்குப் போகிறதா என்று பேட்டரிக்குத் தெரியாது.

இன்றைய 12 வோல்ட் காரை வைத்து ஒரு கணக்குப் போடுவோம். 1 சதுர மில்லிமீட்டர் தாமிர வயர், 3 மீட்டர் நீளம். அதன் மின்தடை சுமார் 0.05 ஓம். பேட்டரியின் உள் மின்தடை 0.01 ஓம் என்று வைத்துக்கொள்வோம். அந்த வயரின் கடைசி முனை காரின் உடம்பைத் தொட்டுவிட்டால் ஓடும் மின்னோட்டம் 200 ஆம்பியர். வயரில் மட்டும் உருவாகும் வெப்பம் 2,000 வாட். உங்க வீட்டுக் குளியலறை கெய்சர் அநேகமாக 2,000 வாட்தான். 25 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் சூடு, பென்சில் லெட் தடிமன் கம்பியில். மேலே சுற்றியிருப்பது பிளாஸ்டிக். கெட்டரிங் காலத்தில் பருத்தி நூலும் ரப்பரும்.

இன்னொரு விஷயம். காரில் பல்புக்குப் போகும் வயர் ஒன்றுதான், திரும்பி வரும் வழி காரின் இரும்பு உடம்பு. நம்ம மெக்கானிக்குகள் பாடி எர்த் என்பார்கள். இதனால் வயர் பாதியாக மிச்சம். ஆனால் காரின் எந்தப் பகுதியிலும் ஒரு வயரின் மேலுறை தேய்ந்தால் அந்த இடமே ஷார்ட் சர்க்யூட். இரண்டு வயர்கள் ஒன்றையொன்று தொட வேண்டிய அவசியமே இல்லை. அதிர்ந்துகொண்டே ஓடும் வண்டியில் உரசலுக்கா பஞ்சம்?

டெல்கோவின் துடிக்கும் காவலாளி

ஃபியூஸைக் கண்டுபிடித்தவர் கெட்டரிங் இல்லை. எடிசன் 1890இலேயே தன் மின்விநியோகத்துக்காகக் காப்புரிமை வாங்கிவிட்டார். பல கார் நிறுவனங்கள் அதைத்தான் எடுத்துக்கொண்டன. 1910களில் வந்த டெல்கோ அமைப்புகள் பலவற்றில் வேறு ஒன்று இருந்தது, எனக்கு ரொம்பப் பிடித்தது அது.

சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு சிறு மின்காந்தம், ஒரு ஸ்பிரிங் தகடு. சாதாரணமாக எல்லா மின்னோட்டமும் அதன் வழியாக அமைதியாகப் போகும். எங்காவது ஷார்ட் ஆகி 25 ஆம்பியர் தாண்டினால் காந்தம் தகட்டை இழுத்துச் சுற்றைத் துண்டிக்கும். துண்டித்ததும் காந்தம் வலுவிழக்கும், தகடு திரும்ப ஒட்டும், மறுபடியும் இழுக்கும். இப்படி விடாமல் துடித்து, கிர்ர்ரென்று சத்தம் போடும். துடிக்கத் தொடங்கிய பிறகு அதன் வழியே போவது 3 முதல் 5 ஆம்பியர்தான். வயர் கருகாது, பேட்டரியும் சீக்கிரம் காலியாகாது.

பழுது எங்கே என்பதையும் அந்தச் சத்தமே காட்டிக்கொடுக்கும். ஓட்டுநர் ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துப் பார்ப்பார். எதை அணைக்கும்போது துடிப்பு நிற்கிறதோ அந்த விளக்கின் வயரில்தான் கோளாறு. பழுதைச் சரிசெய்தால் தகடு பழையபடி அமைதியாகிவிடும், மாற்ற எந்தப் பாகமும் இல்லை. சாலையோரத்தில், ஃபியூஸ் கிடைக்காத ஊரில், வெள்ளித் தாள் தேட வேண்டிய அவசியம் இல்லை.

பின்னால் மலிவு விலையும் எளிமையும் ஜெயித்தன. கண்ணாடிக் குழாய் ஃபியூஸ்கள், 1970களில் இருந்து இன்று நாம் பார்க்கும் கலர் கலரான பிளேடு ஃபியூஸ்கள். சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. துடிக்கும் தகட்டின் வம்சம் முற்றிலும் அழியவில்லை. தானாகத் திரும்ப இணையும் சர்க்யூட் பிரேக்கர்களாகச் சில வண்டிகளில் இன்னும் இருக்கிறது.

பொதுவாக ஒரு தவறான எண்ணம் உண்டு: ஃபியூஸ் இருப்பது ஹார்னையோ லைட்டையோ காப்பாற்ற என்று. அது காப்பாற்றுவது வயரை. எந்த வயரோ அதன் தடிமனை வைத்துத்தான் ஃபியூஸ் அளவு. அதனால்தான் 15 போன இடத்தில் 30 போடுவதும் வெள்ளித் தாள் வைப்பதும் கிட்டத்தட்ட ஒரே குற்றம். அப்போது அந்தச் சுற்றில் முதலில் உருகப்போவது வயர்தான்.

கல்லாப்பெட்டிக் கருத்து இங்கே திரும்ப வருகிறது. ஹெட்லைட்டோ மோட்டாரோ ஆன் ஆகும் அந்தக் கணத்தில் மின்னோட்டம் வழக்கத்தைவிடப் பல மடங்கு தாண்டும். ஆனாலும் ஃபியூஸ் போவதில்லை. அதற்குள்ளே உருக வேண்டிய உலோகம் சூடாக நேரம் வேணும்.

ஸ்டார்ட்டர் வயர் மட்டும் விதிவிலக்கு. நூற்றுக்கணக்கான ஆம்பியர் போகும் அந்தத் தடித்த கேபிளுக்குப் பல கார்களில் இன்றும் ஃபியூஸ் கிடையாது. குட்டையாக, தடியாக, எதிலும் உரசாத வழியில் கொண்டுபோவதுதான் அதற்கான பாதுகாப்பு. பேட்டரி கேபிளில் கிளிப் போட்டு ஆம்ப்ளிஃபயர், எக்ஸ்ட்ரா லைட் எல்லாம் எடுக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

லைட் என்றதும் இன்னொரு கணக்கு. பல கார்களின் பழைய ஹாலஜன் பல்பு ஹைபீமில் 60 வாட். இரண்டுக்கும் சேர்த்து 12 வோல்ட்டில் 10 ஆம்பியர். வெளிச்சம் போதவில்லை என்று 100 வாட் பல்பு மாற்றினால் 16.7 ஆம்பியர். மின்னோட்டம் ஏறியது ஒன்றரை மடங்கு சொச்சம்தான். வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தில் ஏறும், எனவே அதே வயரில் சூடு 2.8 மடங்கு. பேட்டரியிலிருந்து தனி வயர், தனி ரிலே, பேட்டரி முனைக்குப் பக்கத்திலேயே தனி ஃபியூஸ். இந்த மூன்றும் இல்லாமல் செய்து தருகிறேன் என்று சொல்லும் கடையில் இருந்து கிளம்பிவிடுவது நல்லது.

பெரிய முதலாளி, பெரிய தோல்வி

டெல்கோ 1916இல் கைமாறி, அடுத்த சில ஆண்டுகளில் ஜெனரல் மோட்டார்ஸின் பகுதியானது. கெட்டரிங் பணக்காரர் ஆனார். ஜெனரல் மோட்டார்ஸின் ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தலைவராகி 1947 வரை அங்கேயே இருந்தார். கரண்ட் கம்பி போகாத பண்ணைகளுக்கு எஞ்சின், ஜெனரேட்டர், பேட்டரி சேர்த்து டெல்கோ லைட் என்று விற்றதும் இந்தக் காலம்தான். முதல் உலகப் போரில் ஆளில்லாமல் பறந்து போய் விழும் வெடிகுண்டு விமானம் ஒன்றையும் செய்தார். போர் முடிந்துவிட்டதால் அது பயன்படவில்லை.

அவருடைய எல்லாமே ஜெயிக்கவில்லை. தண்ணீர் இல்லாமல், தாமிரத் தகடுகளால் காற்றில் குளிரும் எஞ்சின் ஒன்றை 1923இல் செவ்ரலே காரில் வைத்தார்கள். 759 கார்கள் தயாரான பிறகு நிறுத்தினார்கள், விற்றதையும் திரும்ப வாங்கினார்கள். எஞ்சின் அதிகமாகச் சூடானது. கெட்டரிங் வேலையை விட்டுப் போகத் தயாரானார். நிறுவனத் தலைவர் ஆல்ஃபிரட் ஸ்லோன் சமாதானப்படுத்தி வைத்துக்கொண்டார்.

ஈயம்

இங்கே கதை இருண்டு போகிறது.

எஞ்சினுக்குள் பெட்ரோல் முறையாக எரியாமல் டொக் டொக்கென்று தட்டும் பிரச்சினை அப்போது இருந்தது. கெட்டரிங்கின் பேட்டரி இக்னிஷன்தான் காரணம் என்று சிலர் பழி போட்டார்கள். பிரச்சினை எரிபொருளில் இருக்கிறது என்று நிரூபிக்க அவர் இறங்கினார். அவருடைய குழுவில் இருந்த தாமஸ் மிட்ஜ்லி 1921 டிசம்பரில் விடையைக் கண்டுபிடித்தார்: டெட்ராஎதில் லெட், அதாவது ஈயச் சேர்மம். பெட்ரோலில் துளி கலந்தால் போதும், தட்டல் நின்றது. 1923 பிப்ரவரியில் டேட்டனில் விற்பனை தொடங்கியது. பெயர் எதில் என்று வைத்தார்கள். ஈயம் என்ற சொல்லே அதில் கிடையாது.

ஈயம் நஞ்சு என்பது அப்போது ரகசியம் ஒன்றும் இல்லை. மிட்ஜ்லிக்கே 1923இல் ஈயப் பாதிப்பு வந்து ஓய்வில் போனார். எரிசாராயம் கலந்தாலும் தட்டல் குறையும் என்பது இதே குழுவுக்குத் தெரியும், அதில் வேலையும் செய்திருந்தார்கள். 1924இல் எதில் கார்ப்பரேஷன் உருவானபோது அதன் தலைவர் கெட்டரிங். அந்த அக்டோபரில் நியூ ஜெர்சியில் இந்தச் சேர்மத்தைத் தயாரித்த ஆலையில் தொழிலாளர்கள் புத்தி பேதலித்து, வலிப்பு வந்து, ஐந்து பேர் இறந்தார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அதற்கு முன்பு டேட்டன் உட்பட வேறு இடங்களிலும் மரணங்கள் நடந்திருந்தன. நியூயார்க் போன்ற இடங்களில் தடை வந்தது.

1925 மே மாதம் வாஷிங்டனில் அரசு கூட்டிய மாநாட்டில், தொழில் நச்சுகளில் நிபுணரான டாக்டர் ஆலிஸ் ஹாமில்டன் கடுமையாக எதிர்த்தார். கெட்டரிங் எதிர்ப்பக்கம் நின்று ஈய பெட்ரோலின் தேவையை வாதிட்டார். விற்பனை தற்காலிகமாக நின்றது. ஒரு குழு சில மாதங்கள் ஆய்வு செய்தது, தடைசெய்யக் காரணம் இல்லை என்றது, 1926இல் விற்பனை மறுபடி தொடங்கியது. அதன்பின் பல பத்தாண்டுகள், ஈயம் உடம்புக்கு என்ன செய்கிறது என்ற ஆராய்ச்சியின் பெரும்பகுதி நடந்தது சின்சினாட்டிப் பல்கலைக்கழகத்தின் ஓர் ஆய்வகத்தில். பணம் கொடுத்தது ஈயத்தை விற்ற அதே நிறுவனங்கள். ஆய்வகத்தின் பெயர் கெட்டரிங் ஆய்வகம். அதன் முடிவுகளை அசைக்க 1960களில் கிளேர் பேட்டர்சன் என்ற புவிவேதியியலாளர் வர வேண்டியிருந்தது.

கெட்டரிங் ஒரு வில்லன் என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். அவருடைய தரப்பில் ஒரு தர்க்கம் இருந்தது: தட்டாத எஞ்சின் குறைந்த பெட்ரோலில் அதிக தூரம் போகும், எண்ணெய் தீர்ந்துவிடும் என்ற பயம் அப்போது நிஜமானது. ஆனாலும் எனக்கு ஒன்று உறுத்துகிறது. வயரில் 25 ஆம்பியர் தாண்டினால் கூச்சலிடும் கருவியை விற்ற நிறுவனத்தைக் கட்டியவருக்கு, ஆலையில் ஆட்கள் செத்தது போதுமான கூச்சலாகக் கேட்கவில்லை.

இந்தியாவுக்கு இது பக்கத்து வீட்டுக் கதை இல்லை, நம்ம வீட்டுக் கதைதான். 1995 ஏப்ரலில் இருந்து டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை நகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. ஈயம் பட்டால் அந்தக் கன்வெர்ட்டர் செத்துவிடும் என்பதால் ஈயமில்லா பெட்ரோலும் கூடவே வந்தது. நாடு முழுக்க ஈயம் விலகியது 2000இல். அதற்கு முன் இந்திய நகரங்களில் பிறந்து வளர்ந்தவர்கள், இதை வாசிக்கும் பலரும் சேர்த்து, அந்தப் புகையைச் சுவாசித்தவர்கள்தான். உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021 ஜூலையில் நிறுத்தியது. இதனால் ஆண்டுக்கு 12 லட்சத்துக்கும் அதிகமான அகால மரணங்கள் தவிர்க்கப்படும் என்பது ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் மதிப்பீடு.

ஃப்ரிட்ஜில் பயன்பட்ட ஃப்ரியான் வாயுவும் இதே மிட்ஜ்லி, இதே கெட்டரிங் காலத்து வேலை. ஓசோன் படலத்துக்கு அது செய்ததை 1987 மான்ட்ரியல் ஒப்பந்தம் வரை இழுத்துத்தான் சரிசெய்ய முடிந்தது.

கடைசி ஆண்டுகள்

1930களில் கெட்டரிங் இரண்டு ஸ்ட்ரோக் டீசல் எஞ்சினில் இறங்கினார், மகன் யூஜினும் அதில் வேலை பார்த்தார். அமெரிக்க ரயில்களில் இருந்து நீராவி விலக இந்த எஞ்சின் முக்கியக் காரணம். அதே பரம்பரை இங்கேயும் வந்தது. 1990களின் இறுதியில் இந்திய ரயில்வே வாங்கி, பிறகு வாரணாசியில் தயாரித்த டபிள்யூடிஜி4 வகை லோகோக்களின் எஞ்சின் அந்த வழியில் வந்த இரண்டு ஸ்ட்ரோக்தான்.

1945இல் ஸ்லோனோடு சேர்ந்து நியூயார்க்கில் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்துக்குப் பெயர் கொடுத்தார். அடுத்த ஆண்டு மனைவி ஆலிவ் இறந்தார். இலை எப்படி வெயிலை உணவாக்குகிறது என்ற கேள்வி அவரைக் கடைசி வரை விடவில்லை, அதற்கான ஆய்வுகளுக்குப் பல ஆண்டுகள் பணம் கொடுத்தார். 1958 நவம்பர் 25, டேட்டனில் காலமானார். வயது 82. அவர் பெயரில் இருந்த காப்புரிமைகள் 186.

அவர் ஓரங்கட்டிய மின்சார கார் இப்போது திரும்ப வந்திருக்கிறது. அதில் பேட்டரி 12 வோல்ட் இல்லை, பல கார்களில் 300, 400 வோல்ட். அதனால் காரின் உடம்பைத் திரும்பும் வழியாகப் பயன்படுத்தும் பழைய பழக்கத்தை அந்தப் பெரிய பேட்டரி விஷயத்தில் கைவிட்டுவிட்டார்கள். இரண்டு முனையும் உடம்பைத் தொடாமல் ஆரஞ்சு நிற கேபிள்களில் தனியாகப் போகும். எங்காவது கசிந்தால் கண்காணிக்க ஒரு சுற்று உண்டு. விபத்தில் பேட்டரியைத் துண்டிக்க ரிலே போன்ற கான்டாக்டர்கள், சில கார்களில் சிறு வெடிப்பால் இணைப்பை அறுக்கும் ஃபியூஸ். ஆனால் அதே காரில் ஹார்னுக்கும் விளக்குக்கும் ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரி இன்னும் உட்கார்ந்திருக்கிறது, பாடி எர்த்தோடு, நீல ஃபியூஸோடு.

என் ஹேட்ச்பேக்குக்கு வருகிறேன். வெள்ளித் தாளை எடுத்துவிட்டு 15 ஆம்பியர் ஃபியூஸ் போட்டேன். அன்று மாலையே ஒரு வேகத்தடை ஏறி ஹார்ன் அடித்தபோது போய்விட்டது. அடுத்த நாள் தெருமுனை எலக்ட்ரீஷியன் அண்ணன் முன் பம்பரைக் கழற்றிப் பார்த்தார். ஹார்ன் வயர் இரும்பு விளிம்பில் உரசி, அரை அங்குலத்துக்குத் தாமிரம் பளபளவென்று வெளியே தெரிந்தது. அந்தத் துண்டை வெட்டி எடுத்து, புது வயர் சேர்த்து, ரப்பர் வளையம் போட்டுக் கட்டினார். 350 ரூபாய். இரண்டு ஃபியூஸ் உபரியாக வாங்கி டேஷ்போர்டில் வைத்திருக்கிறேன்.